‘லஜி’ என்று முடிகிற சொற்களில் நாம் செய்கிற தவறுகள்

போன வருடம் சித்தப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஊர் டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது நெஃப்ராலஜி, எங்கள் காதில் விழுந்தது நியூராலஜி. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து உள்ளே போன பிறகுதான், இது நரம்புக்கு, கிட்னிக்கு மேல் மாடி என்றார்கள். அன்றிலிருந்து யார் ‘லஜி’ என்று முடிகிற சொல்லைச் சொன்னாலும் முன்பாதியைத் திருப்பிக் கேட்டுவிடுகிறேன். வால் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் தலையில் இருக்கிறது.

கிரேக்கத்தில் நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், நியூரான் என்றால் நரம்பு. இதோடு யூராலஜியும் சேர்ந்து குழப்பும். கிரியாட்டினின், டயாலிசிஸ் என்றால் நெஃப்ராலஜி. சிறுநீர்ப் பாதையில் கல், ப்ராஸ்டேட் வீக்கம் மாதிரி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகக்கூடியது என்றால் யூராலஜி. சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காதை நம்ப வேண்டாம்.

படிக்கிற பிள்ளைகள் தடுக்கி விழும் ஜோடி எட்டிமாலஜியும் என்டமாலஜியும். முதலாவது சொற்பிறப்பியல், இரண்டாவது பூச்சியியல். பூச்சிக்குக் கிரேக்கர் வைத்த பெயர் என்டமான், அதாவது வெட்டுப்பட்டது. எறும்பின் உடம்பு தலை, நடு, வயிறு என்று துண்டு துண்டாக இருப்பதைப் பார்த்தால் இந்தப் பெயர் மறக்கவே மறக்காது. மீட்டியராலஜியும் இப்படித்தான் ஏமாற்றும். மீட்டியர் என்கிற எரிகல்லை ஆராய்வது இல்லை, அது வானிலையியல். மூலச்சொல்லுக்கு ‘உயரத்தில் இருப்பது’ என்று பொருள், மழையும் மேகமும் அதில் அடங்கிவிடும்.

சரி, பெரிய தப்புக்கு வருவோம். ‘லஜி’ என்று முடிந்தாலே அறிவியல் என்று நம்புகிறோம். அந்த வாலுக்குள் இருக்கும் லோகோஸ் என்ற சொல்லுக்குப் பேச்சு, சொல், காரணம் என்று பல பொருள் உண்டு. அஸ்ட்ராலஜி சோதிடம், கோள்களை ஆராய்கிற வானியல் அஸ்ட்ரானமி. டெலஸ்கோப்பில் வியாழனைப் பார்க்கிற பிள்ளை, பொழுதுபோக்கு என்ற இடத்தில் அஸ்ட்ராலஜி என்று எழுதிக் கொடுத்தால் ஜாதகம் பார்க்கிறவன் என்றுதான் நினைப்பார்கள். நியூமராலஜியும் கணிதம் ஆகாது. அப்புறம் அபாலஜி. இன்று அது மன்னிப்பு, ஆனால் மூலச்சொல்லான அபாலஜியாவுக்குத் தற்காப்புப் பேச்சு என்று பொருள். கி.மு. 399-ல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரட்டீஸ் பேசியதும் அந்த வகைதான், அங்கே அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. டிரைலஜியில் இருப்பதும் ஆய்வு இல்லை, ஒன்றோடொன்று தொடர்புள்ள மூன்று படைப்புகள்.

தமிழில் ‘இயல்’ இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் ‘லஜி’ ஒட்டவும் முடியாது. உயிரியல் பயாலஜிதான், ஆனால் இயற்பியல் பிசிக்ஸ், வேதியியல் கெமிஸ்ட்ரி, பொருளியல் எகனாமிக்ஸ்.

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு ஒன்று: ஒரே ஒரு சோதனை முறையைச் சொல்ல மெத்தட் போதும். மெத்தடாலஜி என்பது, எந்தெந்த முறைகளை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்ற மொத்த அமைப்புக்கான சொல்; கனமாகத் தெரிகிறது என்று கண்ட இடத்தில் போடாதீர்கள்.

எழுத்துப்பிழையும் உண்டு. பெரும்பாலான சொற்களில் ‘லஜி’க்கு முன்னால் ஆங்கில எழுத்து ஓ வருவதால் கை தானாக அதையே போடும். வம்சாவளியைக் குறிக்கும் ஜீனியாலஜி, கனிமவியலான மினராலஜி இரண்டிலும் அந்த இடத்தில் ஏ வர வேண்டும். மினரல் என்ற சொல் முழுசாக உள்ளே இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டால் கை தவறாது.