கேட்பதாக நினைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகள்

குறைவாகப் பேசி அதிகம் கேட்க வேண்டும் என்று சிறுவயது முதலே சொல்லி வளர்க்கப்பட்டதால், வாயை மூடிக்கொண்டாலே கேட்டுவிட்டதாக நம்மில் பலர் நம்புகிறோம். முதல் தவறே அதுதான். 'கேள்' என்ற வினைக்குச் செவிமடுத்தல், வினவுதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. திருக்குறளின் 42ஆம் அதிகாரமான 'கேள்வி' செவிவழி பெறும் அறிவைப் பேசுகிறது. இன்றோ அச்சொல்லைக் கேட்டால் வினாதான் நினைவுக்கு வருகிறது. விளங்காத இடத்தைத் திருப்பிக் கேட்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டில் எதிலும் சேராது.

அடுத்தது, பிறர் தொடங்கிய வாக்கியத்தை நாமே முடித்துவிடுவது. இதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. வேளச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கச் செயலாளராக இருந்தபோது, ஒரு கோடைக் காலையில் காவலாளி வந்து, "சார், சம்ப்புல தண்ணி..." என்று தொடங்கினார். "லாரிக்குச் சொல்லியாச்சுண்ணா, பதினோரு மணிக்குள்ள வந்துடும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். "இல்ல சார்..." என்று அவர் நாலடி பின்னாலேயே வந்தது கண்ணாடியில் தெரிந்தும், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதால் நிற்கவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்ல அவர் வரவில்லை; நாறுகிறது என்று சொல்ல வந்திருக்கிறார். லாரி கொண்டுவந்த 12,000 லிட்டரும் கழிவுநீர் கசிந்திருந்த அந்த சம்ப்பிலேயே இறங்கியது. முழுவதையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மறுபடி நிரப்பி முடிக்க இரண்டு நாளாயிற்று.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. தண்ணீர் இல்லையா, வழிகிறதா, நாறுகிறதா என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது என்ற நிலையில், இந்த மொழியில் ஒருவரை நடுவில் மறிப்பது, அவர் சொல்ல வந்த செய்தியையே வெட்டிவிடுவதாகும்.

துயரத்தைச் சொல்ல வந்தவரிடம் உடனே தீர்வு சொல்லத் தொடங்குவதும் இதே அவசரத்தின் இன்னொரு வடிவம்தான். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில், தொண்டர்கள் முதன்மையாகச் செய்வது தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே. உயிரையே விடலாமா என்று தவிப்பவரிடம் கைக்கொள்ளப்படும் அந்தப் பொறுமையை, வேலை போன தம்பியிடம் நாம் இரண்டு நிமிடம்கூடக் காட்டுவதில்லை. அவன் மூச்சு வாங்குவதற்குள் நமக்குத் தெரிந்த நிறுவனங்களின் பட்டியலை ஒப்பிக்கிறோம். துக்க வீட்டில் "எங்கப்பாவும் இப்படித்தான்" என்று தொடங்கிச் சொந்தக் கதைக்குப் போய்விடுபவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. எல்லோர் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்.

கைபேசியைப் பார்த்தபடி உம் கொட்டுவதும் கூடாது. உம் தவறான இடத்தில் விழுந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

கடைசியாக ஒன்று, எது முக்கியம் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு கேட்பது. மார்கழிக் கச்சேரியில் பாட்டு நின்று, மிருதங்கக்காரர் தன் திறமையைத் தனியாகக் காட்டும் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்து போகும் கூட்டத்தைச் சபாவுக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். (போண்டாவின் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனாலும் அந்த மிருதங்கக்காரர் இந்தத் தனிக்காகவே இரண்டு மணி நேரம் காத்திருந்து வாசிக்கிறார்.) ஊரிலிருந்து பெற்றோர் பேசும்போதும் நாம் இப்படியே எழுந்து போய்விடுகிறோம். மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், கேஸ் சிலிண்டர் என்று பேச்சு சுற்றிவருகையில் நம் மனம் அடுத்த வேலைக்குத் தாவி, "சரிம்மா, வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிடுகிறது. அந்த இடத்தில் மூன்று நொடி சும்மா இருந்து பாருங்கள். என் அம்மா "வேற ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிச் சற்று நிறுத்திய பிறகுதான், "அப்பாவுக்கு நேத்து லேசா மயக்கம் வந்துச்சு" என்றார்.