பாதி போட்டோ மட்டும் வருதா? பிளாப் சைஸ பாருங்க

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் டேபிள்ல போட்டோவ சேவ் பண்ணிட்டு திரும்ப எடுத்தா மேல் பாதி ஒழுங்கா வந்து கீழ் பாதி சாம்பல் கலரா நிக்குதா, நீங்க எழுதுன புரோகிராம் மேல சந்தேகப்படாதீங்க, ஃபீல்டு டைப்ப பாருங்க. வெறும் பிளாப்னா (போட்டோ மாதிரி ஃபைல அப்படியே வச்சுக்குற ஃபீல்டு டைப்) 65,535 பைட் தான் புடிக்கும், ஸ்ட்ரிக்ட் மோடு (அளவு மீறுனா எர்ரர் காட்டி நிறுத்துற செட்டிங்) ஆஃப்ல இருந்தா மிச்சத்த வெட்டிட்டு ஒரு வார்னிங்கோட கம்முனு இருந்துரும் (நான் இதுக்கு ஒரு ராத்திரி பூரா முழிச்சேன்). மீடியம்பிளாப்னு மாத்துங்க, 16 எம்பி வரைக்கும் தாங்கும். ஏற்கனவே வெட்டுப்பட்டது வராது, மறுபடி அப்லோட் தான்.

அப்புறம் லிஸ்ட் காட்டுற பேஜ்ல செலக்ட் ஸ்டார் (எல்லா ஃபீல்டையும் மொத்தமா கேக்குறது) போடாதீங்க, பேரும் சைஸும் மட்டும் கேளுங்க, இல்லனா 50 வரிக்கு 50 போட்டோவையும் சேத்து இழுத்துட்டு வரும். மைம் டைப்பையும் (இது எந்த வகை ஃபைல்னு சொல்ற குறிப்பு) தனி ஃபீல்டுல வச்சு, படத்துக்கு முன்னாடி பிரவுசருக்கு போற ஹெட்டர்ல அனுப்புங்க, பிஹெச்பில அது இல்லாட்டி பிரவுசர் படத்துக்கு பதிலா கிறுக்கலா எழுத்த கொட்டும்.