சில்லறை நாணயங்களில் அச்சுப்பிழை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயத்தில் எழுத்து இரண்டாகத் தெரிந்த உடனே ‘டபுள் டை’ (உருவம் இருமுறை பதிந்த அச்சு) என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சில்லறையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இயந்திர இரட்டிப்புதான். நாணயத்தில் உருவம் பதிக்க அடி விழும் நேரத்தில் தளர்ந்த அச்சு லேசாக அசைந்து, அப்போதுதான் எழுந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பாருங்கள். எழுத்தை ஒட்டித் தாழ்வாக, தட்டையாக ஒரு படி தெரியும், எழுத்து மெலிந்திருக்கும். உண்மையான டபுள் டையில் பிழை அச்சிலேயே இருக்கிறது. அச்சு செய்யும்போதே உருவம் விலகி இருமுறை பதிந்திருப்பதால் இரண்டு பதிவுகளும் திரட்சியாக நிற்கும், எழுத்து தடிக்கும், முனைகள் பிளந்திருக்கும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஒன்றில் இது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

கோடு தெரிந்தால் அது மேடா பள்ளமா என்று பாருங்கள். அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அந்தப் பிளவுக்குள் ஏறும். நாணயத்தில் மேடாகத்தான் வரும். பள்ளமான கோடு அநேகமாகப் பிற்பாடு விழுந்த கீறல்.

விளிம்பில் பிறைபோல ஒரு துண்டு குறைந்திருந்தால் அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேர் எதிர்ப்புறத்தைப் பாருங்கள். துண்டு குறைந்த வில்லை (உருவம் பதிக்கும் முன் உள்ள வெற்று உலோகத் தட்டு) விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் உருளும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் போதாது. அதனால் அங்கே விளிம்பு மங்கியிருக்கும். வெட்டுக்கு அருகில் எழுத்துகள் இழுபட்டும் இருக்கலாம். எதிர்விளிம்பு கூர்மையாக இருந்து, வெட்டில் அரத்தின் தடமும் தெரிந்தால் அது யாரோ வெட்டிய நாணயம்.

ஓர் எழுத்து மட்டும் மங்கியிருந்தால் அச்சின் பள்ளத்தில் மசகு அடைத்திருக்கும். பிழைதான், ஆனால் மிகச் சாதாரணம். பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். இருபுறமும் ஒரே முகம் உள்ள நாணயம் பெரும்பாலும் இரண்டு நாணயங்களைக் கடைந்து பொருத்தியது. விளிம்பின் உள்வட்டத்தில் மெல்லிய இணைப்புக்கோட்டைத் தேடுங்கள்.

எடை போடாமல் ‘மெல்லிய வில்லை’ என்று சொல்வதும் தவறு. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் வைத்து, அதே வகை நாணயங்கள் சிலவற்றோடு ஒப்பிடுங்கள். அமிலத்தில் ஊறிய நாணயமும் இளைத்திருக்கும். ஆனால் அதில் எழுத்தின் ஓரங்களும் கரைந்து மழுங்கியிருக்கும்.

பிழை உறுதியான பிறகும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். மேற்பரப்பு போனால் சான்றும் போய்விடும். பிவிசி உறையில் நெடுநாள் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும்; பாலியெஸ்டர் உறையில் வையுங்கள்.