ஈஸ்டர் விடியலில் சோப்ரானோ சோலோ பாடத் தயாராவது எப்படி

நாகர்கோவில் பக்கம் எங்கள் சபையில் ஈஸ்டர் ஆராதனை விடியற்காலம் நாலரைக்கு. கோழியே கூவாத அந்த நேரத்தில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'ஐ நோ தட் மை ரிடீமர் லிவெத்' பாட்டை சோப்ரானோவாக, அதாவது பெண்களின் உச்சக் குரலில், தனியாகப் பாட வேண்டும் என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டாரா? சந்தோஷப்படுங்கள். அப்புறம் காலண்டரைப் பாருங்கள். லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், தொடங்கும் வாரத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் பட்ட பாட்டை இந்த 30 வருஷத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நோட்டேஷனைத் தொடாதீர்கள். தமிழ் வேதத்தில் யோபு 19-ஐ வாசியுங்கள், பாட்டின் முதல் வரி அங்கிருந்துதான் வருகிறது. "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொன்னவன் அப்போது ஜெயக்கொடி பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருவோடு, ஓட்டை எடுத்துச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்தவன். ஹாண்டெலும் இதை ஆரவாரமாக எழுதவில்லை. 1741-இல் 24 நாளில் எழுதி முடித்த 'மேசியா' என்ற ஆரட்டோரியோவில் (வேதக் கதையை நடிப்பில்லாமல் பாட்டாகவே சொல்லும் பெரிய இசைப்படைப்பு), அல்லேலூயா கோரஸ் முழங்கி முடிந்த பிறகு, மூன்றாம் பாகம் இந்த ஒற்றைக் குரலோடுதான் நிதானமாகத் தொடங்குகிறது. அதனால் சத்தம் போட்டுப் பாடினால் பாட்டு கெட்டுப்போகும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஸ்டாஃப், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், நம் கொயர்களில் பலரும் தோ, ரே, மீ என்று சுரம் சொல்லிப் படித்த சோல்பா பிள்ளைகள்தானே. பாட்டு ஈ மேஜர் ஸ்கேல், நாலு ஷார்ப் என்று பயப்படுவதற்குப் பதில் 'ஈ'யை தோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கமே ஸோவிலிருந்து மேல் தோவுக்கு ஒரு தாவல். கர்நாடகம் படித்தவர்களுக்கு பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம். அதை உந்தித் தள்ளாமல், படியில் கால் வைப்பது போல வையுங்கள். பாட்டின் உச்சி 'கிறைஸ்ட் ரிஸன்' வரும் இடத்தில் இருக்கிறது, மேல் மீ. அங்கே 'ரி' என்று உதட்டை இழுத்துப் பல் தெரியப் பாடினால் கீச்சென்று போகும். மனசில் 'ரி' இருக்கட்டும், வாய் மட்டும் கொட்டாவி விடப் போவது போல உள்ளே திறக்கட்டும். கேட்பவர்களுக்கு 'ரி' என்றுதான் கேட்கும்.

உச்சி எட்டவில்லையா? கீபோர்டில் டிரான்ஸ்போஸ் இரண்டு குறைத்து 'டி'யில் வாசிக்கச் சொல்லுங்கள். இதில் ஒரு வெட்கமும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு 'ஈ'யிலேயே பாடித் தொண்டையைக் கிழித்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தை நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு டிசம்பரில் ஜலதோஷத்தோடு பத்து ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போனேன். ஜீப்பில் பனிக்காற்று, வீட்டுக்கு வீடு பாட்டு, நடுவில் பிள்ளைகளை அதட்டுவது வேறு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டாவது அடியில் குரல் உடைந்தது, மூன்றாவது அடி வரவே இல்லை. கீழ்க்குரல் பாடும் ஆல்டோ அக்கா என் வரியை எடுத்துப் பாடி மானத்தைக் காப்பாற்றினார்கள். குரல்நாண் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் பேசவே கூடாது, குசுகுசுவென்றும் பேசக் கூடாது என்றார் டாக்டர். குசுகுசுப்பும் தொண்டைக்கு ஓய்வு இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. மகளின் பழைய நோட்டில் "சோறு வடி", "கேஸ் புக் பண்ணு" என்று எழுதிக் காட்டியே ஜனவரி போயிற்று.

அப்போது கொயர் மாஸ்டர் ஜென்னி லிண்ட் கதையைச் சொன்னார். ஸ்வீடன் தேசத்து சோப்ரானோ, 1820-இல் பிறந்தவர். இளவயதிலேயே பாடிப் பாடிக் குரல் நைந்து, 1841-இல் பாரிஸில் மானுவேல் கார்சியா என்ற ஆசிரியரிடம் போனார். அவர் முதலில் கொடுத்த பாடமே 'பாடாதே' என்பதுதான். சில வாரம் மௌனம், அப்புறம் அடியிலிருந்து பயிற்சி. குரல் திரும்பி, ஐரோப்பாவே கொண்டாடிய நேரத்தில், 1849-இல், முப்பது வயது ஆகும் முன்பே ஆப்பரா மேடையை விட்டுவிட்டார். பக்தி மிகுந்தவர். அதற்குப் பிறகு கச்சேரியும் ஆரட்டோரியோவும்தான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஹாண்டெல் சிலைக்கு அருகே அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதில் பொறித்திருப்பதும் இதே யோபு வசனம்.

இனி தினசரி வேலை. பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றில் பாமாலைப் புத்தகத்தை வையுங்கள். மூச்சு இழுக்கும்போது புத்தகம் எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. 'ஸ்ஸ்' என்று சீராக 20 எண்ணும்வரை விடுங்கள். பிறகு இளநீர் குடித்த ஸ்ட்ரா ஒன்றை அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, 'ஊ' என்று குமிழி வர ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்குங்கள். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது என்று அர்த்தம். பார்க்கக் கேலியாக இருக்கும், என் மாமியார் இன்னும் சிரிக்கிறார்கள். ஆனால் தொண்டையை நோகடிக்காமல் எழுப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு இரண்டு மணிக்கே எழுந்துவிடுங்கள். உடம்பு விழித்தால்தான் குரல் விழிக்கும். குளித்து, வெந்நீர் குடித்து, வீட்டுக்குள் நடமாடுங்கள். மூன்று மணிக்கு ஸ்ட்ரா, பிறகு நடு சுரங்களில் மெதுவாக 'ம்ம்'. மேல் மீயை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். சுக்குக் காப்பி என்றால் மூன்றரைக்கு முன்பே. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு வராதீர்கள், எச்சில் ஊறி முதல் மூச்சே தடுக்கும். கோவிலில் கொயருக்கு நேரே சுற்றும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே வரச் சொல்லி சவுண்ட் தம்பி சைகை காட்டுவான், கண்டுகொள்ள வேண்டாம்.

பாடி முடித்ததும் போதகர் ஐயா முதல் பின்வரிசைப் பாட்டி வரை கையைப் பிடித்துப் பேச வருவார்கள். சிரித்துத் தலையாட்டினால் போதும். வீட்டுக்கு வந்து ஸ்ட்ராவில் ஐந்து நிமிஷம் ஊதிவிட்டு, ஆப்பமும் ஆட்டுக்கறியும் சாப்பிட உட்காருங்கள்.