விழாவுக்குப் பொருந்துற மாதிரி கல்யாணப் பத்திரிகை செலக்ட் பண்றது எப்படி? (ஸ்டெப் பை ஸ்டெப்)

தங்கச்சி கல்யாணம் தோட்டத்துல, காலைல, மொத்தமே 80 பேருதான். ஆனா பத்திரிகை மட்டும் கருநீல வெல்வெட் அட்டைல தங்க எழுத்துல போட்டுட்டோம். அத பாத்துட்டு நிறைய பேரு கோட் சூட்டும் ஹை ஹீல்ஸுமா வந்து, வெயில்ல, புல்லுல குதிகால் புதைய புதைய நடந்தாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நாங்க அனுப்பின கார்டு அப்படித்தான் வரச் சொல்லிச்சு. அதனால தம்பி கல்யாணத்துக்கு பத்திரிகை வேலைய நானே கைல எடுத்துக்கிட்டேன்.

ஸ்டெப் 1: டிசைன் பாக்காதீங்க, முதல்ல எழுதுங்க

எங்க நடக்குது, எந்த நேரம், எத்தன பேரு, வர்றவங்க என்ன உடுத்தணும். இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் கார்டு ஆல்பத்த தொறங்க. தம்பிக்கு நான் எழுதினது "சாயங்காலம், புல்வெளி, நெருங்கினவங்க மட்டும், காட்டன் ட்ரெஸ் போதும்". அவ்ளோதான், அதுக்கு ஒத்துவராத கார்டு எவ்ளோ அழகா இருந்தாலும் தள்ளி வச்சுட்டேன்.

ஸ்டெப் 2: பேப்பர்

நம்ம வீட்டு பிரிண்டர் பேப்பர் பொதுவா 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு), கார்டுக்கு 250-லேந்து 350 வரைக்கும் நல்லா இருக்கும். எளிமையான விழான்னா கோட்டிங் இல்லாத சொரசொரப்பான பேப்பர்தான் என்னோட சாய்ஸ், பேனாவால பேரு எழுதினாலும் இழுவாது. கலர் போட்டோ பெருசா வருதுன்னா மட்டும் கோட்டிங் பேப்பர், ஏன்னா சொரசொர பேப்பர் மைய உறிஞ்சிடும், கலர் மங்கும்.

தபால்ல அனுப்புறவங்க எடைய இப்பவே பாத்துடுங்க. ஏ5 சைஸ் ஒரு சதுர மீட்டர்ல 32-ல ஒரு பங்கு, அதனால 300 ஜிஎஸ்எம் ஏ5 கார்டு ஒண்ணு 9 கிராம் சொச்சம் வரும், கவர் தனி. ஏ5 மடிக்காம போக சி5 கவர் வாங்கணும்.

ஸ்டெப் 3: கலர்

ஸ்க்ரீன்ல மின்னுற தங்க கலர் சாதா பிரிண்ட்ல வரவே வராது, கடுகு கலர்லதான் வரும். நிஜமாவே மின்னணும்னா ஃபாயில் (எழுத்து மேல ஒட்டுற மின்னுற மெல்லிசு தகடு) போடணும். அதுவும் பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டும் போடுங்க, பொடி எழுத்துக்கு வேணாம், ண, ஷ மாதிரி சுழி இருக்குற எழுத்தெல்லாம் உள்ள அடைச்சுக்கும்.

ஸ்டெப் 4: எழுத்து (இங்கதான் நான் மாட்டினேன்)

ராத்திரி முழுக்க உக்காந்து ஃபாண்ட் தேடி, அழகா அடுக்கி ஃபைல அனுப்பினா, மறுநாள் ப்ரூஃப்ல (மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி பாக்க குடுக்குற மாதிரி பிரதி) "பெற்றோர்"ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது, "அழைக்கிறோம்"ல ழை ரெண்டா பிரிஞ்சு கெடக்குது. அச்சகத்துல இருந்த சாஃப்ட்வேர் தமிழ் யூனிகோட (இப்போ போன்லயும் கம்ப்யூட்டர்லயும் நாம டைப் பண்ற எழுத்து முறை) சரியா அடுக்கல. அவங்க "நாங்களே திருப்பி டைப் பண்ணிடுறோம்"னாங்க, சரின்னேன், அதுல தாத்தா பேரே மாறிப்போச்சு.

தீர்வு என்னன்னா, எழுத்த எழுத்தா அனுப்பாம வடிவமா மாத்தி அனுப்பணும். இங்க்ஸ்கேப்ல (இலவச டிசைன் சாஃப்ட்வேர், எனக்கு இதுதான் பிடிக்கும்) எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, பாத் மெனுல "ஆப்ஜெக்ட் டு பாத்" குடுத்து, பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க. இல்லஸ்ட்ரேட்டர்னா "கிரியேட் அவுட்லைன்ஸ்". அதுக்கப்புறம் எந்த கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் எழுத்து நகராது. ஆனா மாத்திட்டா ஒரு எழுத்தக்கூட திருத்த முடியாது, அதனால ஒரிஜினல் ஃபைல வேற பேர்ல கண்டிப்பா வச்சுக்கோங்க.

ஃபாண்ட் எதுன்னா, சம்பிரதாயமான விழாவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், எளிமையா வேணும்னா முக்தா மலர் இல்ல காட்டமரன் (Catamaran), கையெழுத்து சாயல்னா கவிவனர். எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசம். ஒரு கார்டுல ரெண்டு ஃபாண்டுக்கு மேல வேண்டவே வேண்டாம்.

ஸ்டெப் 5: ப்ரூஃப்

ஓரத்துல 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுற கோட்டுக்கு வெளிய டிசைன் நீளுற பகுதி) விட்டாச்சான்னு பாருங்க, தேதியும் கிழமையும் ஒத்துப்போகுதான்னு காலண்டர வச்சு பாருங்க. அப்புறம் அதே பேப்பர்ல ஒண்ணே ஒண்ணு அடிச்சு, கல்யாண வேலைல கலந்துக்காத ஒருத்தர் கைல குடுத்து "இத பாத்தா என்ன உடுத்திட்டு வருவீங்க?"ன்னு கேளுங்க. நான் அத்தைகிட்ட குடுத்தேன், "புல்வெளியா, அப்ப தட்டை செருப்பு போட்டுக்கறேன்"னாங்க, அன்னிக்கே பிரிண்டுக்கு சொல்லிட்டேன்.

அப்டேட்: வாட்ஸ்அப்ல அனுப்பினா மங்கலா போகுதுன்னு கமென்ட்ல நிறைய பேரு சொல்லிருந்தீங்க. போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அட்டாச் பண்ணுங்க, சுருக்காம அப்படியே போகும்.

அப்டேட் 2: மேப் க்யூஆர் கோட ஃபாயில்ல போட்டு ஸ்கேன் ஆகலன்னு ஒருத்தங்க எழுதிருந்தாங்க. ஃபாயில் வெளிச்சத்த திருப்பி அடிக்கிறதால கேமராவுக்கு க்யூஆர் கோட் தெரியறது கஷ்டம். வெள்ளைல கருப்பு, குறைஞ்சது 2 செ.மீ., மேட் (பளபளப்பு இல்லாத) பேப்பர், ப்ரூஃப்லயே ரெண்டு மூணு போன்ல ஸ்கேன் பண்ணி பாத்துடுங்க.