ரோஷ் ஹஷானா: பொருள் கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவை ஜனவரி முதல் தேதியைப் போன்ற கொண்டாட்ட நாளாக எண்ணிக்கொள்வதுதான் நாம் எளிதில் செய்துவிடும் முதல் தவறு. யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதத்தின் முதலிரண்டு நாள்களில் வரும் இத்திருநாள், ஒவ்வொருவரும் இறைவன் முன்னிலையில் கணக்கு ஒப்புவிக்கும் நியாயத்தீர்ப்பு நாளாகும். பஸ்கா பண்டிகையில் பாடப்படும் ஹல்லேல் துதிப்பாடல்கள்கூட அன்று பாடப்படுவதில்லை. அதற்காக இதைத் துக்க நாளாகக் கருதுவதும் பிழையே. தீர்ப்பளிப்பவர் இரக்கமுள்ளவர் என்ற நம்பிக்கையோடுதான் அன்று குடும்பத்தார் ஆப்பிள் துண்டுகளைத் தேனில் தோய்த்து உண்கிறார்கள்.

ஷோஃபார் எனப்படும் ஆட்டுக்கடாக் கொம்பின் ஓசையை மங்கல வாத்திய முழக்கமாக விளக்குவது இன்னும் பெரிய தவறு. நீண்ட ஒற்றை ஒலி, விம்முவது போன்ற மூன்று முறிந்த ஒலிகள், தேம்பலைப் போன்ற பல குற்றொலிகள் என அது மாறி மாறி எழும். அந்த முறிந்த ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயும் யூதச் சட்ட விளக்க நூலான தால்முத், போருக்குப் போன மகன் திரும்புவான் என்று ஜன்னலருகே காத்திருந்து அழுத சிசெராவின் தாயை நினைவுகூர்கிறது. சிசெராவோ இஸ்ரயேலரை ஒடுக்கிய படைத்தலைவன். எதிரியைப் பெற்றவளின் அழுகையைத் தன் புனித நாளின் ஓசைக்கு அளவுகோலாகக் கொண்ட அந்த மரபு என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது.

இந்நாளின் மையச் சொல்லான 'தெஷுவா'வைப் பாவமன்னிப்பு என்று மொழிபெயர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன் நேர்ப்பொருள் திரும்பி வருதல். தமிழ் விவிலியத்தில் நாம் பழகிய 'மனந்திரும்புதல்' என்ற சொல்லே அதற்கு மிக நெருக்கமானது. நீர்நிலைக்குச் சென்று, பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிவதைப் பற்றிய மீகா தீர்க்கதரிசியின் வரிகளைச் சொல்லும் 'தஷ்லிக்' சடங்கு இருப்பதால், தண்ணீரே பாவத்தைக் கழுவிவிடும் என்று சிலர் நினைக்கலாம்; அதுவும் தவறு. அடுத்து வரும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாள்கூட, மனிதருக்கு மனிதர் இழைத்த தீங்கை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை நிவர்த்தி செய்யாது என்று யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தெளிவாகக் கூறுகிறது. அவர் மன்னிக்க மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் போய்க் கேட்க வேண்டும் என்றும், அவர் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரோடு அவருடைய கல்லறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில் தன் குற்றத்தை அறிக்கையிட்டு, பணம் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்றும் 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்துரைத்தார்.