பழைய புல்லட்டின் என்ஜின் கேஸைக் கழுவுவது எப்படி

பழைய புல்லட் 350-இன் என்ஜினை இறக்கி மேசை மேல் வைத்தாச்சு. எண்ணெயும் மண்ணும் கலந்து கருங்கட்டியாக ஒட்டியிருக்கிறது. கையில் காஸ்டிக் சோடா டப்பா இருந்தால் முதலில் அதைத் தள்ளி வையுங்கள். திருவொற்றியூரில் செய்த அந்த என்ஜினில் வெளியே தெரிகிற பெரிய பாகங்களில் சிலிண்டர் போர் மட்டும்தான் வார்ப்பிரும்பு. ஹெட், கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ், இரண்டு பக்கக் கவர்கள் எல்லாம் அலுமினியம். லாரியின் இரும்பு என்ஜின் பிளாக்கைக் காஸ்டிக்கில் வேகவைக்கிற பட்டறை வழக்கத்தை இதற்கும் செய்தால் அலுமினியம் நுரைத்துக் கறுத்துவிடும், பேரிங் உட்காரும் இடம் அரித்துப் போகும். கிளம்புகிற வாயு ஹைட்ரஜன். பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் தீர்ந்தது. பாத்ரூம் ஆசிட்டும் ஆகாது. எது இரும்பு என்று சந்தேகம் வந்தால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்பே வெளி அழுக்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண் உள்ளே போகும். கார்புரேட்டர், சைலன்சர் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டு டீசலைப் பூசி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். சுரண்ட ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள், மூங்கில் சிம்பு போதும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர்.

பிரித்த பிறகு கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகவே கட்டி வையுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பேரிங் குழியைக் கடைந்திருப்பார்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வேறொரு வண்டியின் ஒற்றைப் பாதியை வாங்கிப் பொருத்தினால் கிராங்க் நேராக நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கிற பேக்கிங் (கேஸ்கெட்) பழசாகி ஒட்டிப்போயிருந்தால், அதுதான் பொறுமையைச் சோதிக்கும். பெயின்ட் ரிமூவரைத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் ஊறி எழும்பும். கையுறை அவசியம், ஜன்னலையும் திறந்து வையுங்கள். பிளேடு வைத்தால் படுக்கையாகத்தான் நகர வேண்டும். குத்துக்கோடு ஒன்று விழுந்தால் போதும், அந்த வழியாக வருஷம் முழுக்க எண்ணெய் கசியும். பேக்கிங் உட்காரும் முகப்பு சமமாக இருக்கிறதா என்று பார்க்கத் தடித்த கண்ணாடி மேல் 400 நம்பர் உப்புத்தாளைப் பரப்பி, முகப்பை அதன் மேல் லேசாக ஒரு சுற்று தேயுங்கள். பளபளப்பு படாத இடம் பள்ளம்.

வெளித்தோற்றத்துக்கு சாண்ட் பிளாஸ்டிங் செய்யலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணல் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஓடும்போது ஒவ்வொன்றாக உதிர்ந்து எண்ணெயில் கலக்கும். தண்ணீரோடு கண்ணாடி மணியை அடிக்கிற வேப்பர் பிளாஸ்டிங் கிடைத்தால் செய்யுங்கள். புதிதாக வார்த்தது போலவே வரும். அதற்கும் எல்லாத் துளைகளையும் ரப்பர் அடைப்பானால் மூடி, பழைய பேரிங்கை அப்படியே குழியில் விட்டு அனுப்புங்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பேரிங், அதுவரை குழியைக் காக்கட்டும். என்ஜின் நம்பர் குத்தியிருக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண் கேஸில் மங்கிப்போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அந்த வித்தியாசமே நமக்குப் போதும். பேரிங்கைப் பிடித்திருக்கும் லாக் வளையம் இருந்தால் கழற்றிவிட்டு, கனமான பழைய தோசைக்கல் மேல் கேஸை வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். சொட்டுத் தண்ணீர் சுர்ரென்று ஆவியாகிற நேரத்தில், கையுறையோடு தூக்கி மரப்பலகையில் ஒரு தட்டு. பெரும்பாலும் பேரிங் தானே விழுந்துவிடும். எரிவாயு டார்ச்சால் ஒரே இடத்தில் சுட்டால் கேஸ் கோணிப்போகும்.

இனி எண்ணெய் வழிகள். அவசரத்தில் இதை விட்டவர்களின் என்ஜின்தான் சீக்கிரம் திரும்பப் பட்டறைக்கு வரும். புல்லட்டுக்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது, கேஸின் பின்பக்க அறையே டேங்க். அதன் அடியில் பசை மாதிரி கசடு படிந்திருக்கும். விரல் விட்டு வழித்தெடுங்கள். வலப்பக்க டைமிங் கவருக்குள் ஃபெல்ட் துணியாலான எண்ணெய் ஃபில்டர் உட்காரும் குழியையும், பம்புகளுக்குப் போகும் துளைகளையும் விடாதீர்கள். மருந்துக்கடை சிரிஞ்சில் டீசலை ஏற்றி ஒரு துளையில் அழுத்தினால் எந்தத் துளை வழியாக வருகிறது என்று தெரியும். பீய்ச்சி அடிக்க வேண்டும். அழுதுகொண்டு வந்தால் உள்ளே அடைப்பு. மெல்லிய நைலான் பிரஷ் விட்டு, கம்ப்ரசர் காற்று அடித்து, மறுபடி சிரிஞ்ச். பச்சை நிற ஸ்கிரப்பரைக் கேஸின் உட்பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதில் இருப்பது உரசுகிற துகள்.

கடைசிக் கழுவலுக்குக் கொதிக்கும் தண்ணீர்தான் நல்லது. கேஸ் சூடேறித் தானே உலர்ந்துவிடும். துடைக்கக் காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிசிறு துளையில் மாட்டும். பழைய வேட்டித் துணி போதும். எஃகு ஸ்டட்டுகளில் மட்டும் துளி எண்ணெய் தடவி, பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் பையை அன்றைக்கே கட்டிவிடுவது நல்லது, உப்புக் காற்றில் அலுமினியம் சீக்கிரமே வெள்ளை பூக்கும்.